மாருதிக்கு மெத்தை தைக்கிற மருமோனுக்கு

மருமோன், கேள்விப்பட்டன். ஆம்பிளிபயருக்குக் கறண்ட் காணாதெண்டு உன்ரை மாருதி எண்ணூறுக்கு 150 அம்பியர் ஒல்ரனேற்றர் பூட்டப் போறியாம். அதோடை கதவு, தளம், கூரை எல்லாத்துக்கும் உள்ளாலை வெள்ளித்தாள் ஒட்டின கறுத்த றப்பர் விரிச்சு, வெளிச் சத்தம் ஒண்டும் உள்ளுக்கை வராமல் அடைக்கப் போறியாம். எல்லா வேலையும் வீட்டு வளவுக்கை, மாமரத்துக்குக் கீழையாம். கொம்மா படலையடியிலை நிண்டு இவ்வளவையும் சொல்லிப்போட்டு, "அண்ணை, நீங்கள் ஒருக்காச் சொல்லிப் பாருங்கோ" எண்டாள். நான் ஏன் மறிக்கப் போறன்? செய் ராசா, வடிவாச் செய். ஸ்கந்தபுரத்திலை உழவு மெசின் இருக்கு, சூடு அடிக்கிற மெசின் இருக்கு, உருண்டு திரியிற கச்சேரி மண்டபம் ஒண்டு தான் இல்லாமல் கிடந்தது. அந்தக் குறையும் தீரட்டும்.

ஆனால் பூட்ட முன்னம் ஒரு கணக்குப் பாப்பம். கணக்குப் பாக்கிறதுக்குக் காசு இல்லை. உன்ரை கார் 796 சீசீ, மூண்டு சிலிண்டர். புதுசா வந்த நாளையிலை 37 குதிரை வலு. இப்ப அந்தக் குதிரையளிலை சிலது நொண்டும், அதை விடுவம். 150 அம்பியரை 14 வோல்ற்றாலை பெருக்கு. 2100 வாற். ஒல்ரனேற்றர் வாங்கிற வலு முழுக்க மின்சாரமாய் வராது, நாப்பது வீதத்துக்குக் கிட்ட சூடாய்ப் போகும். அப்ப அந்த 2100 வாற்றைத் தர எஞ்சின் அஞ்சு குதிரையைக் கழட்டிக் குடுக்க வேணும். முப்பத்தேழிலை அஞ்சு! ஏத்தத்திலை நீ கியரை மாத்திப் போராட, அஞ்சு குதிரை பின்சீற்றிலை இருந்து பாட்டுக் கேக்கும். முழுச் சுமையிலை மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றருக்கு மேலை பெற்றோல் அதுக்கு மட்டும் போகும். 2022 இலை கியூஆர் அட்டையைக் காட்டிக் கிழமைக்கு 20 லீற்றருக்கு வரிசையிலை நிண்டனாங்கள். அந்த வரிசையிலை நிக்கேக்கை உனக்கு இந்த யோசனை வரேல்லை. வந்திருந்தால் பின்னாலை நிண்டவங்கள் திருத்தியிருப்பாங்கள்.

பெரிசைப் பூட்டினால் பற்றறி வெடிச்சுப் போகும் எண்டு உன்னை வெருட்டுறவங்களின்ரை கதையைக் கேளாதை. அது பொய். ஒல்ரனேற்றர் கேட்டதைத் தான் குடுக்கும். வோல்ற்றை 14 இன்ரை பக்கத்திலை கட்டிப் பிடிக்கிறது உள்ளுக்கை இருக்கிற ரெகுலேற்றர். நீ ஒண்டும் கேளாட்டால் 150 உம் சும்மா தான் சுத்தும். ஆனால் வேறை ஒரு சங்கதி கிடக்கு. பெட்டியிலை எழுதின 150 எண்டது அது நல்ல வேகத்திலை சுத்தேக்கை வாறது. எஞ்சினை ஐடிலிலை விட்டால் அதிலை பாதியும் வராது. சில பெரிய சாமான் ஐடிலிலை கொம்பனி போட்ட சின்னனிலும் குறையத் தான் தரும். நீயோ ஓடேக்கை பாட்டுப் போடுற ஆள் இல்லை. ரியூசன் கொட்டிலடியிலை நிப்பாட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டுப் போடுற ஆள். அப்ப அந்த 150 ஆருக்கு?

இப்ப ஆம்பிளிபயருக்கு வருவம். பெட்டியிலை 1000 வாற் எண்டு கொட்டை எழுத்திலை கிடக்காம். எழுதத் தாளும் மையும் போதும். நீ ஆம்பிளிபயரைத் திருப்பிப் பின்பக்கத்திலை இருக்கிற பியூசைப் பார். 30 அம்பியர் ரெண்டு இருந்தால் 60. பதின்மூண்டரை வோல்ற் எண்டு வை. உள்ளுக்கை போறதே 800 வாற் சொச்சம். பழைய வகை ஆம்பிளிபயர் அதிலை பாதி, பாதிக்குச் சொட்டு மேலை தான் ஸ்பீக்கருக்கு விடும். மிச்சம் சூடு. டி கிளாஸ் எண்டு இப்ப வாறதுகள் எண்பது வீதம் மட்டும் தரும். அதுவும் அடி விழுற நேரத்திலை தான். பாட்டெண்டால் எல்லா நேரமும் அடி விழாது, நடுவிலை மூச்சும் விடும். சராசரி பாத்தால் முழுச் சத்தத்திலையும் உன்ரை ஆம்பிளிபயர் இருவது அம்பியருக்குக் கிட்டத் தான் குடிக்கும். இதோடை முன் லைட் ரெண்டும் எட்டொம்பது, காத்தாடி பத்து, வைப்பர் நாலஞ்சு, எஞ்சின் தன்ரை பாட்டுக்கு எடுக்கிறது கொஞ்சம். எல்லாத்தையும் கூட்டினாலும் அம்பதைச் சுத்தித் தான் நிக்கும். மாரி இரவிலை, மழைக்கை, எல்லாத்தையும் ஒண்டாப் போட்டுக்கொண்டு பாட்டும் கேட்டால் தான் அந்த அம்பது. அப்பிடி ஒரு இரவிலை நீ வெளிக்கிட்டால் ஒல்ரனேற்றரிலும் கூட உனக்குத் தான் வைத்தியம் தேவை.

அக்கராயன் குளத்துத் தண்ணியிலை வளந்தவனுக்கு இதை இப்பிடிச் சொன்னால் விளங்கும். பற்றறி குளம். ஒல்ரனேற்றர் குளத்துக்கு வாற ஆறு. ஆம்பிளிபயர் வாய்க்கால். நீ வாய்க்காலை அகட்டிப்போட்டுக் குளம் வத்துது எண்டு அழுகிறாய். சரி, இன்னொரு பற்றறி வைப்பம் எண்டுறாய். ஆறு வராத இன்னொரு குளத்தை வெட்டி என்ன செய்யிறது? அதையும் இந்த ஆறு தானே நிரப்ப வேணும். அந்தப் பெரிய கப்பாசிற்றர் போத்தில் ஒண்டு விக்கினமாம், அது வாய்க்கால் ஓரத்திலை கட்டின சீமெந்துத் தொட்டி. ஒரு வாளி அள்ளலாம், வயல் பாயாது. உன்ரை குளத்துக்கு ஆறு சின்னனோ, இல்லாட்டி ஆத்து வாயிலை குப்பை அடைச்சிருக்கோ எண்டதைத் தான் முதல் பாக்க வேணும்.

குப்பை எண்டு ஏன் சொல்லுறன்? கார் லைட் மங்குது, பாட்டு விக்குது எண்டு வாற காரிலை கனக்கத்துக்கு ஒல்ரனேற்றர் பிழையே இல்லை. பற்றறி முனையிலை பச்சை பூத்துக் கிடக்கும். எஞ்சினிலை இருந்து பொடிக்கு வாற எர்த் வயர் பாதி அறுந்து கிடக்கும். ஒரு மீற்றர் போதும் கண்டுபிடிக்க. எஞ்சின் நிண்டு ஆறின பிறகு பற்றறியிலை 12.6 வோல்ற் இருந்தால் நிறைஞ்சு கிடக்கு. 12.2 எண்டால் பாதி. எஞ்சினை எடுத்தால் 13.8 க்கும் 14.4 க்கும் நடுவிலை நிக்க வேணும். லைட், காத்தாடி, பாட்டு எல்லாத்தையும் போட்டுப்போட்டு, மீற்றரின்ரை ஒரு கம்பியை ஒல்ரனேற்றரின்ரை தடிச்ச வயர் முனையிலையும் மற்றதைப் பற்றறியின்ரை நேர்முனையிலையும் வை. அரை வோல்ற்றுக்கு மேலை காட்டினால் அந்த வயருக்குத் தான் வருத்தம். எர்த் பக்கத்தையும் அப்பிடிப் பார். அதிலை 0.2 ஐத் தாண்டக் கூடாது.

என்ரை வயசுக்காரர் ஒரு வித்தை செய்வினம், அதைப் பாத்துப் பழகாதை. எஞ்சின் ஓடேக்கை பற்றறியைக் கழட்டிப் பாக்கிறது. எஞ்சின் நிக்காட்டால் சார்ஜ் வருதெண்டு தலையாட்டுவினம். டைனமோ காலத்திலை அது செல்லும். ஒல்ரனேற்றரிலை பற்றறியைக் கழட்டினால் வோல்ற் ஒரேயடியாய்ப் பாஞ்சு ரெகுலேற்றரையும் டயோட்டையும் எரிச்சுப்போடும். ஓடுற எஞ்சினிலை பற்றறியிலை கை வைக்கிறவன் எவ்வளவு நரைச்ச தலை எண்டாலும் சாவியைக் குடாதை.

டைனமோ எண்டு சொன்னன். அதைச் சொல்லாமல் உனக்கு இந்த 1000 வாற்றின்ரை அருமை விளங்காது. 1990 ஆனியிலை சண்டை திரும்பத் தொடங்கினாப் பிறகு பெற்றோலும் இல்லை, பற்றறியும் இல்லை. ரோச் லைட்டுக்குப் போடுற சின்னப் பற்றறியும் தடை. வன்னியும் யாழ்ப்பாணமும் செய்தி கேட்டது சைக்கிள் டைனமோவிலை. ஆறு வோல்ற், மூண்டு வாற். சைக்கிளைத் தலைகீழாய்க் கவிட்டு வைச்சு ஒருத்தன் பெடலைக் கையாலை சுத்துவான். டைனமோவிலை இருந்து வாறது முன்னும் பின்னும் மாறுற மின்சாரம், அப்பிடியே குடுத்தால் றேடியோ இரையும். நடுவிலை டயோட் வைச்சு, ஒரு கொண்டென்சரும் வைச்சு நேராக்கினால் பாடும். பி.பி.சி. தமிழோசைக்குப் பக்கத்து வீட்டுச் சனமும் வந்து குந்தும். சுத்துறவன் செய்தியிலை லயிச்சுக் கை தளந்தால் லண்டனிலை இருந்து கதைக்கிற மனிசன் அடித்தொண்டையாலை முனகுவார். "சுத்தடா!" எண்டு பத்துப் பேர் கத்துவினம். நீ பூட்டப் போற ஒல்ரனேற்றருக்கை இருக்கிறதும் அதே சங்கதி தான். சுத்துற காந்தம், சுத்திவரக் கம்பிச் சுருள், மாறுற மின்சாரத்தை நேராக்க ஆறு டயோட். உன்ரை பாட்டுக்கை எஞ்சினோடை சேந்து ஏறி இறங்கிற ஒரு கூவல் கேக்குதெண்டு சொன்னியாம். டயோட் ஒண்டு செத்தால் அந்தக் கூவல் வரும். எர்த் ஒழுங்காய்ப் பிடிக்காட்டாலும் வரும். அதுக்குப் புது ஒல்ரனேற்றர் மருந்தில்லை.

அந்தக் காலத்துக் காருகளையும் கேள். ஒஸ்ரின் ஏ போட்டி, கேம்பிரிச், மொறிஸ் மைனர். காபரேற்றருக்கை சொட்டுப் பெற்றோலை விட்டு எழுப்பி, பேந்து மண்ணெண்ணையிலை ஓட்டுவம். பின்னாலை வாற சைக்கிள்காரன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருவான். ஏ போட்டியின்ரை டைனமோ முக்கித் தக்கித் தந்தது இருவது அம்பியருக்குக் கிட்ட. இரவிலை லைட்டைப் போட்டுக்கொண்டு வைப்பரையும் போட்டால் அம்பியர் முள்ளு அங்காலை சாயும். 1996 இலை கிளிநொச்சி இடம்பேந்து அக்கராயனுக்கும் ஸ்கந்தபுரத்துக்கும் சனம் நிறைஞ்ச நேரம் வருத்தக்காரரை ஏத்தினதும் உந்தக் காருகள் தான். இப்ப உன்ரை சிநேகிதன் ஒருத்தன் தகப்பன்ரை ஏ போட்டிக்கும் ஒல்ரனேற்றர் போடப் போறானாம். அவனுக்குச் சொல்லு: அந்த இங்கிலீசுக் காருகளிலை பற்றறியின்ரை நேர்முனை தான் பொடியிலை கட்டியிருக்கும். இப்பத்தைய ஒல்ரனேற்றரை அதிலை அப்பிடியே கொளுவினால் டயோட் எல்லாம் ஒரு நொடியிலை போகும். முதல் எதிர்முனையைப் பொடிக்கு மாத்த வேணும். அதைச் சொல்லாமல் பூட்டிக் குடுக்கிறவனுக்குக் கூலி குடாதை.

உன்ரை காருக்கு நான் சொல்லுற ஒழுங்கு வேறை. இருக்கிற ஒல்ரனேற்றரைக் கழட்டி மேசையிலை வை. கழட்ட முன்னம் பற்றறியின்ரை எர்த் முனையைக் கழட்டு, இல்லாட்டால் சாவி பொடியிலை முட்டி நெருப்புப் பறக்கும். தகட்டைத் துடைச்சு எத்தினை அம்பியர் எண்டு வாசி. காபன் பிரஷ் தேஞ்சிருக்கும், மாத்து. பேரிங் இரைஞ்சால் அதையும் மாத்து. ரெண்டும் சின்னக் காசு. அப்பிடியும் காணாதெண்டால், கொஞ்சம் பெரிய காரிலை இருந்து கழட்டின 65, 70 அம்பியர் ஒண்டு கொழும்புப் பஞ்சிகாவத்தையிலை தேடு. ஆணி போடுற கண்ணும் கப்பியும் உன்ரை பெல்ற்றோடை நேரா நிக்குதோ எண்டு பாத்து வாங்கு. உன்ரை எஞ்சினிலை ஓடுறது ஒற்றை வீ பெல்ற். அது அந்தளவைத் தான் தாங்கும். 150 ஐக் கேட்டால் வழுக்கிக் கீச்சிடும். அந்தக் கீச்சை அடைக்க உன்ரை றப்பர் தாள் காணாது.

வயருக்குச் சிக்கனம் பாக்காதை. ஒல்ரனேற்றரிலை இருந்து பற்றறி நேர்முனைக்கு ஒண்டு, பற்றறி எதிர்முனையிலை இருந்து பொடிக்கு ஒண்டு, எஞ்சினிலை இருந்து பொடிக்கு ஒண்டு. மூண்டையும் 16 சதுர மில்லிமீற்றர்ச் செம்பிலை மாத்து. வாங்கேக்கை கத்தியாலை ஒரு இழையைச் சுரண்டிப் பார். உள்ளுக்கை வெள்ளை தெரிஞ்சால் அது அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு, கடையிலையே வைச்சிட்டு வா. ஆம்பிளிபயருக்குப் போற வயரிலை பற்றறியிலை இருந்து ஒரு சாணுக்குள்ளை பியூஸ் வேணும். பியூஸ் இல்லாத வயர் பொடியிலை உரஞ்சினால் காரைக் கொளுத்த வேறை ஆள் தேவையில்லை.

இனி உன்ரை மெத்தைக் கதை. உனக்கு வெளிச் சத்தம் பிடிக்கேல்லையாம். தம்பி, இந்த ஊரிலை காது ஒரு காலம் சும்மா கிடக்கேல்லை. எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு வானத்தைக் கேட்டுத் தான் காரை எடுத்தனாங்கள். கிபிர் பிளேன் ஒரு சத்தம், ஷெல் புறப்படுறது ஒரு சத்தம், விழுறது இன்னொண்டு. சத்தம் தெரிஞ்சவன் பங்கருக்குப் போனான். இப்ப கிபிர் இல்லை. ஆனால் 1990 இலை நிண்ட ரயில் 2013 புரட்டாதியிலை கிளிநொச்சிக்குத் திரும்பி வந்திட்டுது. இந்தப் பாதையிலை படலை இல்லாத கடவையளிலை எத்தினை பேரை எடுத்திருக்கெண்டு உனக்குத் தெரியும். கண்ணாடியைப் பூட்டி, மெத்தை விரிச்சு, ஆயிரம் வாற்றைப் போட்டுக்கொண்டு நீ கடவையிலை ஏறினால் ரயில்காரன் என்ன, ஹோனுக்குப் பதிலாய் உனக்குக் கடிதமோ போடுறது? மாடு குறுக்கை வரும், உழவு மெசின் லைட் இல்லாமல் வரும். கடவை கண்டால் கண்ணாடியை இறக்கு, பாட்டை நிப்பாட்டு. இதிலை நான் பகிடி விடேல்லை.

அதுக்காக மெத்தை வேண்டாமெண்டு சொல்லேல்லை. மாருதியின்ரை தகரம் மெல்லிசு. கிரவல் றோட்டிலை கல்லுச் சில்லு வளைவிலை அடிக்கேக்கை உள்ளுக்கை இருக்கிறவைக்குக் கதைக்கேலாது, அது எனக்கும் தெரியும். ஆனால் முதல் சத்தம் எங்கையிருந்து வருதெண்டு பார். சைலன்சரிலை ஓட்டையோ? ரயர் தேஞ்சு பல்லுப் பல்லாய் நிக்குதோ? கதவு றப்பர் காஞ்சு வெடிச்சிருக்கோ? ஒரு கடதாசித் துண்டை வைச்சுக் கதவைச் சாத்தி இழுத்துப் பார், சும்மா வந்தால் அந்த இடத்தாலை காத்தும் சத்தமும் தூசும் வருது. றப்பரை மாத்தினால் பாதி வேலை முடிஞ்சுது. அதைச் செய்யாமல் உள்ளுக்கை எவ்வளவு ஒட்டினாலும் சத்தம் வந்த வழியாலையே வரும்.

அந்தக் கறுத்த தாளின்ரை வேலை சத்தத்தை மறிக்கிறதில்லை, தகரம் நடுங்கிறதை நிப்பாட்டுறது. விரலாலை தட்டிப் பார். "டொங்" எண்டு இழுத்தால் அந்த இடத்துக்கு வேணும். "டப்" எண்டு அடங்கினால் வேண்டாம். தகரத்தின்ரை நடுவிலை, கால்வாசி, மிஞ்சினால் பாதிக்குக் குறைய ஒட்டினால் நடுக்கம் அடங்கும். மூலை முடுக்கெல்லாம் ஒட்டுறது கடைக்காரனுக்கு நல்லம். ரெண்டு மில்லிமீற்றர்த் தாள் ஒரு சதுர மீற்றர் மூண்டு கிலோவுக்கு மேலை வரும். பத்துச் சதுர மீற்றர் ஒட்டினால் 33 கிலோ. யூரியாப் பையிலை மூண்டிலை ரெண்டு பங்கைக் கூரையிலையும் கதவிலையும் காவிக்கொண்டு திரிவாய், அந்த நொண்டிக் குதிரையளோடை. வெளிச் சத்தத்தை உண்மையிலை மறிக்கிறதெண்டால் பாரமான வைனில் விரிப்பு வேணும், அதுவும் இடைவெளி இல்லாமல். பாரத்தை ரெட்டிச்சால் ஆறு டெசிபெல் குறையும். காதுக்குப் பாதியாய்த் தெரியப் பத்துக் குறைய வேணும். மாருதியை அந்தளவுக்கு அடைச்சால் அது பிறேக் பிடிச்சு நிக்காது.

ஆகையால் சில்லு வளைவு, முன் தளம், கதவின்ரை வெளித் தகரத்தின்ரை உள்பக்கம், இந்த மூண்டும் போதும். தகரத்தைத் தின்னராலை துடைச்சு எண்ணெய் போக்கு. துரு கிடந்தால் சுரண்டிப் பெயின்ற் அடிச்சுப்போட்டு ஒட்டு. ஒட்டினதை உருளையாலை அழுத்தித் தேய். கதவின்ரை அடியிலை தண்ணி வடியிற சின்ன ஓட்டையள் இருக்கும், அதை மட்டும் மூடிப்போடாதை. மாரித் தண்ணி கண்ணாடி வழியாலை இறங்கி அந்த ஓட்டையாலை தான் போகும். மூடினால் கதவு அடியிலை இருந்து உக்கும், உன்ரை பாட்டுத் தண்ணிக்கை பாடும்.

மலிவெண்டு கூரைக்கு ஒட்டுற தார்த் தாளை வாங்காதை. வெயிலிலை பூட்டிவிட்ட காருக்கை 60 பாகைக்குக் கிட்டப் போகும். தார் இளகி, மணத்து, கம்பளத்தோடை கழண்டு விழும். முட்டை அட்டையைக் கதவுக்கை வைக்கலாமாம் எண்டு ஆரோ சொன்னானாம். முட்டை அட்டை முட்டைக்கு. தும்பு வைச்சால் ஈரத்தைக் குடிச்சு வைச்சிருக்கும், எலியும் குடும்பமாய் வரும். எலி வந்தால் முதல் கடிக்கிறது உன்ரை புது வயரைத் தான்.

2020 பங்குனியிலை இறக்குமதியை நிப்பாட்டி 2025 மாசியிலை திறந்தும், புதுக் கார் எங்களைப்போல ஆக்களுக்கு எட்டாத விலையிலை தான் நிக்குது. அதாலை பழசை வைச்சுத் திருத்துறவனை நான் குறை சொல்ல மாட்டன். 150 ஐப் பஞ்சிகாவத்தையிலையே விடு. பிரஷ், மூண்டு வயர், கதவு றப்பர், அஞ்சாறு தாள், இவ்வளவுக்கும் காசை எடு. ஞாயிற்றுக்கிழமை காலமை வெயில் ஏற முன்னம் காரைக் கொண்டு வா. மீற்றர் என்னட்டைக் கிடக்கு. வரேக்கை ஒரு பழைய பல்லுத் தூரிகையும் கொஞ்ச அப்பச்சோடாவும் எடுத்துக்கொண்டு வா. முதல் பற்றறி முனையைக் கழுவுவம்.